கொலுசுப் பட்டறையில் ஒரு காதல் பாட்டு: முதல் மியூசிக் வீடியோ எடுப்பவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் பிறந்தால் சேலத்து விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் ஏற்காட்டுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். செமஸ்டருக்கு ஒரு மியூசிக் வீடியோ கொடுக்க வேண்டும். விடியற்காலை கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பனிமூட்டம் கலைவதற்குள் ஏரிக்கரையில் ட்ரைபாட் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் இறங்கும்போது கார்டு நிறைய ஷாட் இருக்கும். பனிக்குள் நடந்து போகும் பையன், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே திரும்பிப் பார்க்கும் பெண், ஏரியில் ஒரு படகு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் போன வருட வீடியோவை எடுத்து அதற்கு இந்த வருடப் பாட்டைப் போட்டாலும் அப்படியே பொருந்திவிடும்.

நான் மாணவர்களுக்கு எடிட்டிங் சொல்லித் தருகிறேன். முதல் தடவை எடுப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "மேடம், எல்லாரும் எடுக்கற மாதிரி எடுக்கணுமா, வித்தியாசமா எடுக்கணுமா?" இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில். பத்து வழக்கங்களில் ஒன்பதை ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள். மீதி ஒன்றை, பாட்டிலிருந்தோ உங்கள் ஊரிலிருந்தோ ஒரு காரணம் கிடைத்தால் மட்டும் மீறுங்கள். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும்

சினிமாப் பாட்டை எடுக்க வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக உரிமை இருக்கிறது. யூடியூபில் ஏற்றியவுடன், உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே ஒரு படம் எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும், அதை அழித்துவிட்டு உங்கள் படத்தை வைப்பது முதல் முயற்சியில் நடக்காது. உங்கள் கல்லூரியிலேயே பாடுகிறவர், எழுதுகிறவர், கீபோர்டு வாசிக்கிறவர் இருப்பார்கள். அவர்களிடம் போங்கள். நண்பர்கள்தானே என்று விட்டுவிடாமல் மூவரிடமும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டு கைக்கு வந்ததும் கேமராவைத் தொடாதீர்கள். முதலில் தாளத்தை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 96 பீட் என்றால் நான்கு பீட் கொண்ட ஒரு சுற்றுக்கு 2.5 நொடி. மூன்று நிமிடப் பாட்டில் இப்படி 72 சுற்று வரும். ஒரு நோட்டில் 72 கோடு போட்டு, பல்லவி எங்கே, சரணம் எங்கே, இடையிசை எங்கே என்று எழுதுங்கள். எந்தச் சுற்றில் எந்த வாத்தியம் உள்ளே வருகிறது, எங்கே எல்லாம் நின்றுபோய்க் குரல் மட்டும் கேட்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். பிற்பாடு ஷாட் லிஸ்ட் போடும்போது இந்த நோட்டுதான் கூட வரும். இதைச் செய்யாமல் போனவர்கள் மலையில் நின்றுகொண்டு "அடுத்து என்ன எடுக்கறது?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

உங்கள் பாட்டு எந்த வகை என்று முடிவு செய்து, அதே வகையில் வந்த பத்து வீடியோக்களைச் சத்தமில்லாமல் பாருங்கள். சத்தம் இருந்தால் பாட்டு உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணில் படாது. யார் யாரைப் பார்க்கிறார்கள், கேமரா இடுப்புக்குக் கீழே இருக்கிறதா கண் மட்டத்தில் இருக்கிறதா, என்ன உடை, எந்த நேரத்து வெளிச்சம், பாடுபவரின் உதடு முதலில் எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நிமிடம் எடுத்து எத்தனை கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறுவது) என்று எண்ணுங்கள். பத்தில் ஏழில் ஒரே விஷயம் வந்தால் அது அந்த வகைமையின் வழக்கம்.

உங்களுக்கே தெரிந்தவைதான், ஆனாலும் எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். காதல் மெலடியில் கட் குறைவு, வெளிச்சம் மென்மை, காலை அல்லது மாலை வெயில், மலை அல்லது கடல். பெண்ணின் கால், கூந்தல், திரும்பும் முகம் எல்லாம் ஸ்லோ மோஷனில் வரும். பார்ப்பவன் பையன், பார்க்கப்படுபவள் பெண். ராப் என்றால் கேமரா தாழ்வாக இருந்து அண்ணாந்து பார்க்கும். வைடு லென்ஸ், பின்னால் பத்துப் பேர், கை கேமராவை நோக்கி நீளும், கட் பீட்டில் விழும். குத்துப் பாட்டில் திருவிழா, கூட்டம், அடிக்கும் நிறங்கள், முழு உடம்பும் தெரியும் ஷாட். ஆட்டத்தைக் காட்ட வேண்டுமே, அதனால் க்ளோசப் குறைவு.

காதல் தோல்விப் பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாடி, பைக், மழை, மது பாட்டில், தண்டவாளம். இதில் தண்டவாளத்தைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதிக்குள் போவது குற்றம், அதற்கு மேல் உயிர்ப் பயம். மது பாட்டில் ஷாட் ஆயிரம் தடவை வந்துவிட்டது. அந்தப் பெண்ணை ஏமாற்றுக்காரியாகவே காட்டும் பழக்கத்தைத்தான் நான் உண்மையிலேயே வெறுக்கிறேன். மூன்று நிமிடமும் அவளுக்கு ஒரு வார்த்தை இருக்காது. அவள் பக்கத்துக்கு ஒரே ஒரு ஷாட் கொடுத்துப் பாருங்கள், வீடியோ முழுவதன் அர்த்தமும் மாறிவிடும்.

ஒவ்வொரு வழக்கத்துக்கும் எதிரே, அது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பாடகர் முகத்துக்கு ஏன் இத்தனை க்ளோசப்? 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைச் சேனல் தொடங்கியபோது அதில் ஓடிய வீடியோக்கள் இசைத்தட்டு விற்பதற்காக எடுக்கப்பட்டவை. விற்க வேண்டியது முகம், அதனால் முகம் அடிக்கடி வந்தது. உங்களிடம் விற்க இசைத்தட்டு கிடையாது. அப்படியானால் முகம் வேண்டாமா? வேண்டும், ஆனால் காரணம் வேறு. ஒரு குரல் கேட்டால் இது யாருடையது என்று மனசு தேடும், அந்தத் தேடலுக்குப் பதில் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் எந்த வழக்கத்தை விடலாம், எதை விடக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவு இன்னும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. மாயாஜாலம், சண்டை, துப்பறிதல் என்று ஜனங்களுக்குப் பழகிப்போன வகைகளை விடாமல் எடுத்தவர்கள். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-இல் வந்ததும் இவர்கள் தயாரிப்பாகத்தான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் வந்ததும் இவர்களிடமிருந்துதான். அந்த வண்ணப்படத்தின் கதை ஊரே அறிந்த பழைய கதை. தெரிந்த கதையை வைத்துக்கொண்டு, தெரியாத வண்ணத்தைக் காட்டினார்கள். ஷூட்டிங் போகும் வழியில் அந்த வளைவருகே ஐந்து நிமிடம் வண்டியை ஓரங்கட்டி மாணவர்களுக்கு இதைச் சொல்வேன்.

பாட்டுக்கும் படத்துக்கும் என்ன உறவு

மியூசிக் வீடியோக்களைப் பற்றி ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் எழுதிய நூலிலிருந்து பாடத்திட்டத்தில் ஒரு பகுதி வரும். அதில் மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். படம் வரியை விளக்கலாம், விரிக்கலாம், இல்லை விலகிப் போகலாம். "மழை" என்று பாடும்போது மழையைக் காட்டினால் விளக்கம். மழைக்கு ஒதுங்கின இரண்டு பேர் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பதைக் காட்டினால் விரிவு. மழை என்ற வரிக்குக் காய்ந்த கிணற்றைக் காட்டினால் விலகல். உங்கள் நோட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள். முதல் வரைவில் முக்கால்வாசி விளக்கமாக இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். பாதியை விரிவாக மாற்றுங்கள். விலகலை ஒரு இடத்தில், அதிகம் போனால் இரண்டு இடத்தில் வையுங்கள்.

எதை மீறுவது

இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சறுக்குவது இங்கேதான்.

ஒரு குழு ராப் பாட்டு எடுத்தது. எல்லா வழக்கத்தையும் ஒரே அடியாக மீறினார்கள். பாடுபவர் முகம் கிடையாது, நிறம் கிடையாது, பாதி ஷாட் தலைகீழாக ஓடும், கட் எதுவும் பீட்டில் விழாது. உழைப்பு நிறைய. வகுப்பில் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்கள் மரியாதையாகக் கை தட்டினார்கள். வெளியே வந்து ஒரு மாணவி என்னிடம், "மேடம், அது என்ன பாட்டு?" என்று கேட்டாள். பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாமல் போய்விட்டது. வழக்கம் இருந்தால்தான் அதை மீறினது தெரியும்.

இன்னொரு குழு, நான்கு பேர். காதல் மெலடி, பெண் குரல். பாடின பெண்ணே எழுதின பல்லவி. நீ வருகிற சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அதன் சாரம். அவர்களும் முதல் நாள் ஏற்காடு போனார்கள். புல்லில் கொலுசுக் கால் நடக்கும் ஷாட்டை மட்டும் பதினான்கு தடவை எடுத்திருந்தார்கள். ரஃப் கட்டை (முதல் தோராயத் தொகுப்பை) பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் நடித்த மாணவி மெதுவாகச் சொன்னாள்: "மேடம், இந்தக் கொலுசு எங்க வீட்ல செஞ்சது."

சேலத்தில் சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஷாட்டைப் பார்த்தபோது அது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. டியூப்லைட், தாழ்வான மரப்பலகை, ஒரு தட்டில் வெள்ளிக் கண்ணிகள். மின்விசிறி நிறுத்தியிருந்தது, காற்றடித்தால் தீ நடுங்கும். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். தரையைக் கூட்டின குப்பையைக்கூட எறிய மாட்டார்களாம், அதில் வெள்ளித்தூள் இருக்கும். ட்ரைபாட் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைத்தோம்.

அந்த மாணவியின் அம்மாவும் பெரியம்மாவும் கண்ணி கோத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஊதுகுழலை வாயில் வைத்து, தீயின் நுனியை ஊசி முனை மாதிரி ஆக்கி, ஒவ்வொரு கண்ணியின் வாயையும் பற்றவைத்தார். ஒரு கண்ணிக்குக் கண் சிமிட்டும் நேரம்தான். கேமராமேன் அவரிடம் போய், இந்த வேலையைச் செய்துகொண்டே பாப்பா பல்லவியைப் பாடுகிற மாதிரி எடுக்கலாமா என்று கேட்டான். அவர் குழலை எடுத்துவிட்டு, "வாயில குழல் இருக்கறப்ப எப்படி சாமி பாடறது? ஊதணுமில்ல?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் அவர்களுக்கு வீடியோ கிடைத்துவிட்டது. மெலடி என்றால் பல்லவியில் உதடு பாட வேண்டும், அதுதான் வழக்கம். இங்கே பல்லவி வரும்போது அந்த மாணவி ஊதுகுழலை வாயில் வைத்திருக்கிறாள். குரல் பாடுகிறது, உதடு தீயை ஊதுகிறது. வேலை நேரத்தில் மனசுக்குள் ஓடுகிற பாட்டு அது என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடும். இரண்டாவது சரணத்தில், வாத்தியம் எல்லாம் நிற்கும் இடத்தில், குழலைக் கீழே வைத்து நிமிர்ந்து ஒரே ஒரு வரியைக் கேமராவைப் பார்த்துப் பாடுவாள். அதுவரை உதடு பாடாமல் இருந்ததால் அந்த வரிக்கு அப்படி ஒரு பலம்.

மற்றதெல்லாம் வழக்கப்படியே. கட் குறைவு, மென்மையான வெளிச்சம், க்ளோசப், இரண்டு பேர் கதை, பல்லவி வரும்போதெல்லாம் அதே இடத்துக்குத் திரும்புவது, கடைசியில் மலையும் பனியும். ஏற்காட்டில் எடுத்ததையும் வீணாக்கவில்லை. பையனை ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவனாக மாற்றினார்கள். காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. பழம் கூடையில் விழும் சத்தமும் கண்ணி தட்டில் விழும் சத்தமும் இடையிசையில் மாறி மாறி வரும். பனி அவனுக்குக் காதல் அலங்காரம் இல்லை, சட்டை நனைகிற வேலை நேரம். கொலுசைக் காலில் காட்டவே இல்லை. செய்யும் கையில் மட்டும்தான் காட்டினார்கள். ஆக மீறினது ஒன்றுதான்: இது வரை பார்க்கப்பட்டவள் இப்போது வேலை செய்கிறாள். ஊதுகுழல், உதடு, கால் ஷாட் இல்லாதது எல்லாம் அதிலிருந்து தானாக வந்தவை.

உங்கள் பாட்டுக்கும் இப்படி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். ஆத்தூர் போகும் வழியில் ஜவ்வரிசி காயப்போடும் களங்கள், அம்மாபேட்டைத் தறிகள், ஐந்து ரோட்டு மேம்பாலத்தின் கீழ் நிழல். பாட்டின் முக்கியமான சொல் எது என்று பாருங்கள், அந்தச் சொல்லுக்குப் பின்னால் உங்கள் ஊரில் யார் கை இருக்கிறது என்று தேடுங்கள்.

மலையில் எடுக்கும்போது

முதலில் அனுமதி. காப்பித் தோட்டங்கள் தனியார் இடம், உரிமையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. வளைவுகளில் வண்டியை நிறுத்தி எடுக்கவே கூடாது, கீழிருந்து வரும் பேருந்துக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். மலைக் கிராமங்களில் யாரையாவது படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் வேலையைப் பின்னணி அழகாக மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டம் வருவதும் போவதும் நிமிடக் கணக்கு. நீங்கள் லாங் ஷாட் எடுத்து முடித்து க்ளோசப்புக்கு வருவதற்குள் வெயில் அடித்துவிடும், பிறகு இரண்டும் ஒட்டாது. அதனால் பனி இருக்கும்போது லாங் ஷாட் எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். க்ளோசப்பில் பின்னணி மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பனி குறைந்த பிறகும் மர நிழலில் சமாளிக்கலாம். பனியில் ஆட்டோஃபோக்கஸ் தடுமாறும், மேனுவலுக்கு மாறுங்கள். வெள்ளையான பனியைப் பார்த்து கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டிவையுங்கள். ஒயிட் பேலன்ஸை ஒரு எண்ணில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் பனி நீலமாகவும் மஞ்சளாகவும் மாறும்.

கீழே இறங்கியதும் குளிர்ந்த லென்ஸில் நீர் கோக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். தின்பண்டம் இருக்கும் பையையும் கேமரா பையையும் ஒன்றாக வைக்காதீர்கள், குரங்குகள் இரண்டையும் சேர்த்துத் தூக்கும்.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்தால் காப்பி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை, சில நாளில் முடிந்துவிடும். டிசம்பர் பனியை விட்டு அந்தச் சமயத்தில் யாராவது எடுக்க மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

உதடு ஒட்ட வேண்டும்

லிப் சிங்க் என்பதும் ஒரு வழக்கம்தான். அதில் கவனக்குறைவாக இருந்தால் அது மீறலாகத் தெரியாது, தப்பாகத்தான் தெரியும். பாடுபவர் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டைப் போடுங்கள், அவர் நிஜமாகவே வாய்விட்டுப் பாடட்டும். சும்மா வாயை அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு டேக்கிலும் கேமராவின் மைக்கும் ஓடட்டும். எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பாட்டோடு பொருத்துவீர்கள்.

ஒரு நுணுக்கம். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். நீங்கள் 34 மீட்டர் தள்ளி நின்று மலை ஷாட் எடுத்தால் கேமராவுக்குச் சத்தம் பத்தில் ஒரு நொடி தாமதமாக வரும், நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் அது இரண்டரை ஃபிரேம். சத்தத்தை வைத்துப் பொருத்தினால் உதடு ஒட்டாது. தூர ஷாட்டில் மட்டும் கையை உயர்த்தி ஒரு தட்டுத் தட்டச் சொல்லி, கை சேரும் ஃபிரேமைப் பார்த்துப் பொருத்துங்கள்.

ஸ்லோ மோஷனில் உதடு பாட வேண்டுமா? 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டப் போகிறீர்கள் என்றால், எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் போட்டு, பாடுபவரும் அந்த வேகத்தில் பாட வேண்டும். ஓட்டும்போது உடம்பு மெதுவாகும், உதடு பாட்டோடு சரியாக நிற்கும். இரட்டை வேகத்தில் பாட வீட்டில் இரண்டு நாள் பழகிக்கொண்டு வரச் சொல்லுங்கள், லொக்கேஷனில் பழக நேரம் போதாது.

பட்டறை மாதிரி டியூப்லைட் இடங்களில் படத்தில் கோடு ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள், கோடு போய்விடும். போனில் எடுப்பவர்கள் ஃபிரேம் ரேட்டைப் பூட்டக்கூடிய கேமரா ஆப்பைப் பயன்படுத்துங்கள். சாதாரணமாக விட்டால் போன் தானாக அதைக் கூட்டிக் குறைக்கும், நீளமான ஷாட்டில் உதடு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும்.

எடிட்டிங்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உட்கார்ந்து செய்துதான் பழக வேண்டும். முதலில் பாடுகிற ஷாட்டுகளை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். அதன்மேல் கதை ஷாட்டுகளை வையுங்கள். எல்லாக் கட்டும் பீட்டில் விழ வேண்டாம், மெலடியில் அது இயந்திரம் மாதிரி ஆகிவிடும். சில கட்டைப் பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் வையுங்கள். கலர் கிரேடிங்கில் எல்லாவற்றையும் நீலப் பச்சையாக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள், பட்டறைத் தீயின் மஞ்சளும் மலையின் சாம்பல் நிறமும் வேறு வேறாக இருந்தால்தான் இரண்டு இடம் என்று தெரியும்.

அறிக்கை எழுதும்போது

வீடியோவோடு, வகைமையின் வழக்கங்களை எங்கே பின்பற்றினீர்கள், எங்கே மீறினீர்கள் என்று ஒரு அறிக்கையும் கேட்பார்கள். பெரும்பாலானோர் இப்படித் தொடங்குவார்கள்: "எங்கள் வீடியோ காதல் பாடல்களின் வழக்கங்களைப் பின்பற்றியும் அதே சமயம் மீறியும் அமைந்துள்ளது." இது எந்த வீடியோவுக்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்லவில்லை. ஷாட்டைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், வழக்கம் என்ன, நீங்கள் செய்தது என்ன, ஏன் என்று சொல்லுங்கள். அந்தக் கொலுசுக் குழு எழுதினது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"பல்லவி தொடங்கும் இடத்தில் பாடகியின் உதட்டை க்ளோசப்பில் காட்டுவது மெலடி வீடியோக்களின் வழக்கம். நாங்களும் அங்கே உதட்டை க்ளோசப்பில்தான் காட்டினோம், ஆனால் அது பாடவில்லை, ஊதுகிறது. ஷாட் அளவும் இடமும் வழக்கப்படி இருப்பதால் பார்ப்பவர் பாட்டை எதிர்பார்க்கிறார், வேலையைப் பார்க்கிறார். பட்டறையில் ஊதிக்கொண்டே பாட முடியாது என்பதே இந்த முடிவுக்குக் காரணம்."

பின்பற்றினதையும் இதே கவனத்தோடு எழுதுங்கள். வழக்கத்தைக் கடைப்பிடித்த ஷாட்டும் நீங்கள் யோசித்து எடுத்த முடிவுதான். மீறலுக்கு இரண்டு பக்கம், பின்பற்றலுக்கு இரண்டு வரி என்று எழுதினால் மதிப்பெண் குறையும், குறைப்பது சரியும்கூட.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் வீடியோவை மூன்று விதமான ஆட்களுக்குக் காட்டுங்கள். இந்த வகைப் பாட்டை எப்போதும் கேட்பவர் ஒருவர், கேட்கவே கேட்காதவர் ஒருவர், அப்புறம் வீடியோவில் யாருடைய வேலையையோ வீட்டையோ காட்டினீர்களோ அவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல வேற எதையோ எதிர்பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடம்தான் உங்கள் மீறல் வேலை செய்கிற இடம், அறிக்கையில் அதையே எழுதலாம்.

மூன்றாவது ஆளுக்குக் காட்ட, கடைசித் தேதிக்கு ஒரு வாரமாவது மீதி வையுங்கள். நாங்கள் பட்டறையில் போனில் போட்டுக் காட்டியபோது பெரியம்மா முழுப் பாட்டையும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் பின்னால் தள்ளச் சொல்லி ஒரு இடத்தில் நிறுத்தினார். "பாப்பா ஊதறப்ப தீ பெருசா இருக்குது. இவ்வளவு தீ வெச்சா கண்ணி உருகிரும். தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்க" என்றார். கேமராவில் நன்றாகத் தெரியட்டும் என்று தீயைக் கூட்டி வைத்திருந்தோம். அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தீ எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்ட, அந்த இரண்டு ஷாட்டையும் திரும்ப எடுத்தோம். இந்தத் தடவை தீ சின்னதாக இருந்ததால் கேமராவை இன்னும் ஒன்றரை அடி கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.